தோன்றாத் துயரும் நீடிய பொறுமையும்

சென்ற கோடை விடுமுறையில் உறவினர் ஒருவரைக் காணச் சென்றிருந்த யான், கொல்லிமலையின் அடிவாரத்திலுள்ள பேளுக்குறிச்சிச் சந்தைக்குப் போக நேர்ந்தது. மலையில் விளையும் மிளகு முதலாகச் சீரகம், வெந்தயம், கடுகு, மல்லி என ஓராண்டுக்கு வேண்டிய மளிகைச் சரக்கை ஒரே நாளில் வாங்கிச் செல்லும் பொருட்டு, அயலூர்களிலிருந்தும் தொலைவிலிருந்தும் ஜனங்கள் திரளும் இடம் அது. அக்கூட்டத்தினிடையே மூட்டையொன்றைத் தலையிற் சுமந்து வந்த இளைஞன் ஒருவன் என்னைக் கண்டதும் திடுக்கிட்டு நின்றான். அவன் நம் கல்லூரி மாணாக்கன். என் வகுப்பிற் கடைசி விசுப்பலகையில் அமர்பவன். வாரந்தோறும் சந்தை நாளில் வாராதவன். வந்த நாட்களிலும் தலை சாய்ந்து உறங்குகிறவன். அவனை ஒருமுறையன்று, பலமுறை, ஐம்பதின்மர் முன்னிலையில் எழுப்பி நிறுத்தி, "உன் தகப்பனார் உழைத்த காசை உறங்கித் தொலைக்கிறாயே" என்று யான் கடிந்ததுண்டு.

"ஐயா, மூட்டையை இறக்கி வைத்துவிட்டு வந்துவிடுகிறேன்" என்றான். வந்தான். தேநீர்க் கடையின் ஓரத்தில் நின்றபடியே, தலை நிமிராமற் சில வார்த்தைகள் சொன்னான். அவன் தகப்பனார் இரண்டு ஆண்டுகளாக வீட்டு அறையை விட்டு வெளிவருவதில்லையாம், எவரோடும் பேசுவதில்லையாம், வைத்த சோற்றை உண்பதும் உண்ணாதிருப்பதும் அன்றன்றைய நிலைமையாம். "ஊரில் அப்பாவுக்கு இடுப்பு வலி என்றுதான் சொல்லியிருக்கிறோம், ஐயா. வேறு மாதிரி தெரிந்தால் தங்கச்சிகளுக்கு நாளைக்கு இடம் பார்க்க முடியாதென்று அம்மா பயப்படுகிறார்கள்." யான் கடிந்து கூறிய சொல்லை அவன் எனக்கு நினைப்பூட்டவில்லை. எனக்கே நினைவு வந்தது. அவன் இசைவு பெற்றே, பெயரும் வகுப்பும் விலக்கி, இதனை ஈண்டு எழுதுகிறேன்.

என் பிழை புதியதன்று. சீலோவின் ஆலயத்தில் அன்னாள் உதடு மாத்திரம் அசைய, குரல் வெளிப்படாமல் அழுது வேண்டிக்கொண்டிருந்தபோது, வாசல் நிலையருகே அமர்ந்திருந்த ஏலி அவளைக் குடிவெறி கொண்டவள் என்று எண்ணிக் கடிந்தான். ஏலி தீயவனல்லன். அவன் ஆசாரியன், ஆலயத்தின் ஒழுங்கைக் காப்பது அவன் கடமை. அசையும் உதடும் கேளாத குரலும் குடியருக்கும் உண்டாகையால், அவன் கண்டது பொய்யுமன்று. கண்டதைக் கொண்டு காணாததற்குத் தீர்ப்பளித்ததே அவன் செய்த தவறு. அன்னாள் வாய்திறந்து தன் மனக்கிலேசத்தைச் சொல்லியபின் அவன் அவளை வாழ்த்தி அனுப்பினான். இதனை வாசிக்குந்தோறும் நம்மவர் அன்னாளின் விசுவாசத்தைப் பாராட்டுவர். எனக்கோ வேறொரு கேள்வி எழுகின்றது. அன்னாள் அஞ்சி மறுமொழி கூறாமற் போயிருந்தால்? அப்படிப் போகிறவர்கள் எத்தனை பேர்? தன் புண்ணைத் திறந்து காட்டுகிறவனுக்கே இரங்குவோம் என்பது நம் வழக்கமாயின், காட்ட இயலாதவனுக்கு நம்மிடத்தில் இடமில்லை என்பதாகும். நம் கல்லூரியில் அத்தகையோர் உளர். ஆசிரியர் அறையிலும் உளர்.

சந்தையிலிருந்து திரும்புகையில் மலைத்தொடர் முழுவதும் கண்முன் நின்றது. மேலே ஒரு நூற்றாண்டுக்கு முன் நடந்த வரலாறு ஒன்று அப்போது என் நெஞ்சில் வந்தது. நம் வாசகருட் சிலர் அதனை நன்கறிவர். அறியாதார் பொருட்டுச் சுருங்கக் கூறுவேன்.

ஜெஸி பிராண்டு ஐயர் 1907ஆம் ஆண்டில் ஸ்டிரிக்ட் பாப்டிஸ்ட் மிஷனைச் சார்ந்து இந்தியாவுக்கு வந்தவர். 1913இல் இவலின் ஹாரிஸ் அம்மையாரை மணந்து, அவ்வாண்டிலேயே தம் மனைவியாருடன் கொல்லிமலை மேல் ஏறினார். வாழவந்தியில் வீடெடுத்துத் தங்கினர். சாலையில்லை, மருத்துவரில்லை, மலைக்காய்ச்சலோ குறைவின்றி உண்டு. ஐயர் மருத்துவப் பட்டம் பெற்றவரல்லர். வெப்பநாட்டு நோய்களைப் பற்றி ஓராண்டளவு பயின்றவர். அவ்வளவைக் கொண்டு பல் பிடுங்கினார், புண் கழுவினார், நரம்புச்சிலந்தியையும் எடுத்தார்.

இந்த நரம்புச்சிலந்தி என்பதை இன்றைய மாணாக்கர் கண்டிரார். கிணற்று நீரிலுள்ள கண்ணுக்குப் புலப்படாத சிறு உயிரோடு கூட அதன் குஞ்சு வயிற்றிற் புகும். புகுந்தபின் ஏறக்குறைய ஓராண்டு எவ்வித அடையாளமும் காட்டாமல் உடம்பினுள்ளே வளரும். இரண்டு மூன்று அடி நீளமான பின்னர், பெரும்பாலும் காலில், எரிகின்ற கொப்புளம் ஒன்று எழும்பி உடைய, அதன் வழியே வெள்ளை நூல்போல் தலை காட்டும். வேதனை பொறாத நோயாளி அதனைப் பற்றி இழுப்பான். இழுத்தால் அறும், அறுந்தால் எஞ்சிய பகுதி உள்ளேயே அழுகிச் சீழ்கட்டி, சிலர் காலையே முடமாக்கும். ஆகையால் அதனை ஒரு சிறு குச்சியில் சுற்றி, நாளொன்றுக்குச் சிறிது சிறிதாக, அது இடங்கொடுக்குமளவே திருப்பி, நாட்கணக்காகவும் வாரக்கணக்காகவும் எடுத்தல் வேண்டும். வேறு வழி அக்காலத்தில் இல்லை. இன்றும் அதனைக் கொல்லும் மருந்தொன்று கிடையாது. தகப்பனார் மலைவாசிகளுக்குச் செய்த இச்சிகிச்சையை அருகிருந்து கண்ட சிறுவரே பின்னாளில் பெயர்பெற்ற பால் பிராண்டு வைத்தியர்.

நீடிய பொறுமை என்று நாம் ஜெபங்களில் மொழிவது இக்குச்சியையே எனக்கு நினைப்பூட்டுகின்றது. குச்சியைத் திருப்பாதிருப்பவன் பொறுமையுடையவனல்லன், நோயாளியைக் கைவிட்டவன். வேகமாகத் திருப்புகிறவனோ அவனை முடவனாக்குகிறவன். "என்ன கவலை, சொல், சொல்லிவிட்டால் தீர்ந்துவிடும்" என்று துயருற்றவனை நெருக்கிக் கேட்கும் நண்பர்கள் நல்லெண்ணத்தோடுதான் நூலை அறுக்கிறார்கள். பிராண்டு ஐயர் குச்சியோடு நின்றுவிடவுமில்லை. நோயாளி காலை நனைக்கும் கிணற்றிலேதான் மறுபடியும் அக்குஞ்சு கலக்கிறது என்று மக்களுக்கு எடுத்துரைத்து, இறங்கி நீர் மொள்ளும் கிணறுகளுக்குச் சுவர் எழுப்புவித்தார். அத்தகைய வழியே பிற்காலத்தில் நாடெங்கும் கைக்கொள்ளப்பட்டது. 1996ஆம் ஆண்டுக்குப் பின் இந்தியாவில் எவருக்கும் இந்நோய் காணவில்லை. 2000ஆம் ஆண்டில் நாடு இதனின்று நீங்கியதென்று உலகச் சுகாதார நிறுவனம் சான்றளித்தது.

இனி, பொறுமை கடினமாயிருந்த இடத்திற்கு வருவோம். மலையில் அவர்களிடம் மருந்து பெற்றவர் பலர். அவர்கள் மார்க்கத்தைத் தழுவினவர் ஒருவருமில்லை. அதற்குத் தலையாய தடையாய் நின்றவர் அவ்விடத்துப் பூசாரி ஒருவர். ஐயரோடு சேருவாரைத் தெய்வக் குற்றங் கூறி அச்சுறுத்தினார். இவ்வாறு ஆண்டுகள் ஐந்தும் ஆறும் கழிந்தன. பிறகு, உலகமெங்கும் கோடிக்கணக்கானோரை மாய்த்த 1918ஆம் ஆண்டு இன்புளூயன்சாக் காய்ச்சல் மலை மேலும் ஏறிற்று. அச்சங்கொண்ட ஜனங்கள் நோயுற்றோரை விட்டு விலகி ஓடினர். பிராண்டு தம்பதிகள் கஞ்சி காய்ச்சி எடுத்துக்கொண்டு குடிசை குடிசையாய்ச் சென்றனர். அக்குடிசைகளுள் ஒன்று பூசாரியுடையது. அவரும் மனைவியும் நோயிற் கிடந்தனர். தம்மவர் எவரும் அண்டவில்லை. இறக்குந்தறுவாயில் அப்பூசாரி தம் பிள்ளைகளைப் பிராண்டு ஐயரிடமே ஒப்புவித்தார். கைக்குழந்தையாயிருந்த பெண்ணுக்கு ரூத் எனப் பெயரிட்டு அவர்கள் வளர்த்தனர். அதன்பின்னரே மலையில் திருச்சபை உண்டாயிற்று.

இவ்வரலாற்றைப் பிரசங்கிகள் கூறும்போது மரணப் படுக்கையை விரித்துரைப்பர். கேட்போர் கண்ணீர் வடிப்பர். யான் அதனைக் குறைகூறவில்லை. ஆயினும் நம் வாழ்க்கைக்கு வேண்டுவது அந்த ஒரு நாளன்று, அதற்கு முற்பட்ட ஆறு ஆண்டுகள். அவ்வாண்டுகளில் ஐயர் கண்டது ஒரு பகைவரை மாத்திரமே. இம்மனிதர் ஒருநாள் தம் குழந்தையை என் கையில் தருவார் என்னும் உறுதி அவருக்கு எவர் கொடுத்தார்? பகைத்தவர் உள்ளத்தில் என்ன அச்சம், என்ன பொறுப்பு, எந்தக் குலமுறையின் சுமை இருந்ததென்பது எதிர் நிற்பவருக்கு விளங்குவதில்லை. விளங்காமலே அவரைப் பகைக்காதிருந்தார். முடிவு வேறாயிருந்து, பூசாரி பிழைத்தெழுந்து மீண்டும் எதிர்த்திருந்தாலும், அந்தக் கஞ்சி கஞ்சியே அன்றோ? மதம் மாறினவர் தொகையைக் கொண்டு அதனை அளப்பது எனக்கு உடன்பாடன்று.

பிராண்டு தம்பதிகளையும் குறையற்றவராக வரையவேண்டியதில்லை. குஷ்டம் என்று நம் முன்னோர் அஞ்சிய தொழுநோய் கொண்ட மூவர் ஒருநாள் அவர்கள் வீட்டை நாடி வந்தனர். ஐயர் பிள்ளைகளை உள்ளே போகச் சொல்லி, கையுறை அணிந்து புண்களுக்குக் கட்டுப்போட்டார். அம்மையார் உணவு கொடுத்தார். அவர்கள் போனபின் அமர்ந்த இடம் கழுவப்பட்டது. அங்கே விளையாடலாகாதென்று பிள்ளைகளுக்குக் கட்டளையாயிற்று. ஒதுக்காமற் கட்டுப்போட்ட அன்பும், அக்கால அறிவுக்கேற்ற அச்சமும் அவ்வீட்டில் ஒருங்கே இருந்தன. உள்ளே நின்று பார்த்த சிறுவர் மனத்தில் பதிந்தது அச்சமே. அவர் 1914இல் பிறந்தவர். 1923இல் கல்விக்காக இங்கிலாந்தில் விடப்பட்டார். 1929ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் தகப்பனார் மலையிலேயே கருநீர்க்காய்ச்சலால் மரித்தார். தந்தி முந்திப் போயிற்று. அவர் உயிரோடிருந்தபோது எழுதிய கடிதமோ கப்பல் தபாலில் அதன்பின் வந்து சேர்ந்தது. லண்டன் நகரத்துப் பள்ளியொன்றில், பதினைந்து வயதும் நிரம்பாத பையன், இறந்துபோன தகப்பனாரின் புதுக்கடிதத்தைப் படித்திருக்கிறான். அன்று அவன் பாடத்தில் கருத்திழந்திருந்தால், அவனுடைய ஆசிரியர் யாது நினைத்திருப்பார்? என் போன்றவராயின் எழுப்பி நிறுத்தியிருப்பார்.

அப்பையன் வைத்தியராகி 1946இல் வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். மறு ஆண்டில், காக்ரேன் வைத்தியர் பணிபுரிந்த செங்கற்பட்டுத் தொழுநோய் மருத்துவமனைக்குச் சென்றவர், மடங்கிய விரல்களையுடைய நோயாளி ஒருவரிடம் தம் கையைக் கொடுத்து இறுகப் பற்றச் சொன்னார். பற்றிய பிடியில் வைத்தியருக்கே வலித்தது. நோயாளியோ அதனை உணரவில்லை. தசை செத்துப்போகவில்லை, வலி என்னும் உணர்வே செத்துப்போயிற்று என்பதை அங்கே கண்டுகொண்டார். தொழுநோயாளரின் விரல்கள் நோயினால் தாமே அழுகி உதிர்கின்றன என்றே பல நூற்றாண்டு காலமாக உலகம் நம்பியிருந்தது. அவரும் அவர் தோழரும் பல ஆண்டு ஆராய்ந்து, நரம்பு மரத்தபின் நாள்தோறும் நேரும் சூடும் வெட்டும் சிராய்ப்பும் உணரப்படாமையாலேயே அவ்வழிவு உண்டாகின்றதென்று நாட்டினார். ஒருமுறை துருப்பிடித்த பூட்டொன்றைத் திறக்க அவர் முயன்று தோற்றபோது, பத்து வயதுச் சிறுவன் ஒருவன் முன்வந்து சாவியைத் திருகித் திறந்துவிட்டான். தரையில் இரத்தம் சொட்டியது. விரல் எலும்புவரை அறுந்திருந்தது. பையன் சிரித்தபடி நின்றான். வேறு சிலர் உறங்கும்போது எலிகள் விரல்களைக் கடித்துச் சென்றன, எழுந்தபின்னரே கண்டனர். அதற்குப்பின் நோயாளர் வீடு செல்லும்போது பூனை ஒன்றையும் உடன் கொண்டுபோகும்படி ஏற்பாடு செய்தார்கள்.

"கையைக் கவனமாக வைத்துக்கொள் என்று எத்தனை தரம் சொல்வது?" என்று இத்தகையோரைக் கடிந்துகொள்வது எத்துணை எளிது! உடம்பின் வலி மரத்துப்போவதுபோல் மனத்தின் வலியும் மரத்துப்போவதுண்டென்று யான் கருதுகிறேன். துயரம் உள்ளவன் அழுதுகொண்டிருப்பான் என்று எதிர்பார்க்கிறோம். அவனோ விடுதியில் எல்லாரினும் உரக்கச் சிரிக்கிறான். அல்லது கட்டணம் கட்டும் நாளில் முரட்டுத்தனமாகப் பேசுகிறான். அல்லது, நம் மாணாக்கனைப்போல், உறங்குகிறான். பால் பிராண்டு வைத்தியரிடத்தில் யான் மெச்சுவது அவருடைய இரக்கத்தை மட்டுமன்று. அது ஆராய்ச்சியாக மாறினதை. தகப்பனார் கையுறையோடு இரங்கினார். மகனார் ஏன் என்று கேட்டு, அறிந்து, அந்தக் கைகளைத் தம் கையிலெடுத்து, இழுநாணை இடம் மாற்றி மடங்கிய விரல்களை நிமிர்த்தினார். கையுறையைக் கழற்றச் செய்தது அறிவு; அவரை அவ்வறிவைத் தேடச் செய்தது இரக்கம்.

இவ்விடத்தில் நம் பேராசிரியருட் சிலர் மறுப்பார்கள். "எல்லாருக்கும் மறைந்த துயர் உண்டு என்று பொறுத்துக்கொண்டே போனால் ஒழுங்கு என்னாவது? துயரம் என்று பொய்யுரைத்து ஏய்ப்பவனை யாது செய்வது?" இது நியாயமான கேள்வியே. ஏய்ப்பவர் உளர், என்னையும் பலர் ஏய்த்துள்ளனர். ஒரே பாட்டியார் மூன்று பருவங்களில் மூன்று முறை இறந்ததையும் யான் அறிவேன். ஆயினும் கணக்கிட்டுப் பார்ப்போம். பொய்யனுக்கு இரங்கினால் நாம் இழப்பது ஒரு நாள் வருகைப் பதிவும் சிறிது தன்மதிப்புமே. மெய்யாய் நொந்தவனைப் பொய்யனென்று நடத்தினால் இழப்பு அவனுடையது. அது எவ்வளவென்று நமக்குத் தெரியவும் வாராது. மேலும், பொறுமை என்பது தேர்வில் மதிப்பெண்ணை வாரி வழங்குவதன்று. வராத நாளை வராத நாளென்றே குறிக்கலாம். எழுதாத தாளுக்குச் சுழியமே இடலாம். காரணத்தை ஐம்பதின்மர் முன் பிடுங்காதிருக்கலாம். 'சோம்பேறி' என்னும் பட்டத்தைச் சூட்டாதிருக்கலாம். ஒழுங்குக்கு இவற்றால் ஒரு குறைவும் வராது.

பொறுமைக்கு விலையில்லை என்றும் சொல்லமாட்டேன். யவீருவின் மகள் சாகுந்தறுவாயிற் கிடக்க, ஆண்டவரை அவன் விரைந்து அழைத்துச் செல்கிறான். வழியிற் பன்னிரண்டு ஆண்டுகளாகப் பெரும்பாட்டினால் வருந்திய ஸ்திரீ ஒருத்தி, கூட்டத்தில் மறைந்து வந்து அவர் வஸ்திரத்தைத் தொடுகிறாள். அவர் நிற்கிறார், தொட்டது யார் என்கிறார், அவள் நடுங்கி நடுங்கி உண்மையெல்லாம் சொல்லி முடிக்குமட்டும் கேட்கிறார். அதற்குள் மகள் இறந்தாள் என்னும் செய்தி யவீருவுக்கு வந்துவிட்டது. அந்த ஸ்திரீயின்மேற் காட்டிய பொறுமைக்குரிய விலையை அத்தருணத்திற் செலுத்தியவன் யவீருவே. பிறர் பொருட்டுத் தாமதிக்கும் ஆசிரியருக்குப் பாடம் நிற்கும். விடுதிக் காவலருக்குத் தூக்கம் கெடும். அறைத் தோழனுக்கோ தேர்வுக்கு முந்திய இரவு வீணாகும். இதனை மறைத்து இரக்கத்தைப் போதிப்பது பொய்.

தாங்குகிறவருக்கும் தோன்றாத் துயர் உண்டு. இவலின் அம்மையார் கணவரை இழந்தபின்னும் மலைகளை விடவில்லை. மிஷன் ஓய்வு கொடுத்தபின், ஏறக்குறைய எழுபது வயதில், தம் பொறுப்பிலேயே மீண்டும் கொல்லிமலை ஏறினார். விழுந்து விழுந்து கால்கள் வலுவிழந்தபின் இரண்டு மூங்கிற் கோல்களை ஊன்றியும் மட்டக் குதிரையின்மேலும் ஊரூராய்ச் சென்றார். இருபதாண்டுக்கு மேலாகத் தம் வீட்டில் நிலைக்கண்ணாடி வையாதிருந்தார் என்று மகனார் எழுதியுள்ளார். 1974ஆம் ஆண்டு தமது தொண்ணூற்றைந்தாம் வயதில் மரித்து, வாழவந்தியில் கணவர் அருகே அடக்கம் பண்ணப்பட்டார். அம்மையாரின் பிடிவாதத்தைக் கண்டு சலித்தவர் பலர் இருந்திருத்தல் கூடும். அப்பிடிவாதத்தின் அடியில் 1929ஆம் ஆண்டின் கல்லறை ஒன்று இருந்ததை எத்தனை பேர் நினைத்திருப்பர்?

ஓர் எச்சரிக்கையும் கூறவேண்டும். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் ஒருவர் பேச்சிலோ எழுத்திலோ தென்படின், அங்கே பொறுத்திருத்தல் ஆகாது. உடனே அருகில் இருக்கவேண்டும், மருத்துவரிடம் சேர்க்கவேண்டும். 2022ஆம் ஆண்டு முதல் 14416 என்னும் எண்ணில் அரசாங்கத்தார் இரவும் பகலும் மனநல உதவி அளித்து வருகின்றனர், தமிழிலேயே பேசலாம், கட்டணமில்லை. விடுதி வாயிலில் உணவுப் பட்டியலோடு இவ்வெண்ணும் தொங்குமானால் நன்று.

சந்தையிற் கண்ட மாணாக்கனின் தகப்பனாரை அவன் தாயார் அச்சத்தைக் கடந்து மாவட்ட அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அழைத்துச் சென்றுவருகிறார்கள். மருந்து உண்கிறார், சில நாள் திண்ணைமட்டும் வருகிறார், சில நாள் வருவதில்லை. இடுப்பு வலி என்னும் பேச்சே ஊரில் இன்னும் நிலவுகின்றது. கல்லூரி திறந்ததும் அவனை என் அறைக்கு அழைத்து, யான் செய்யக்கூடியது யாது என்று வினவினேன். கட்டணச் சலுகையோ, வருகைப் பதிவோ கேட்பான் என்று எண்ணியிருந்தேன். "வகுப்பில் வைத்துக் காரணம் கேட்காமலிருந்தால் போதும், ஐயா" என்றான்.

இப்பருவத்தில் அவன் இருமுறை உறங்கினான். ஒருமுறை தோளைத் தொட்டு எழுப்பினேன். மற்றொருமுறை, அவன் முகத்தில் வெயில் விழுந்ததால், ஜன்னற் கதவைச் சாத்திவிட்டுப் பாடத்தைத் தொடர்ந்தேன்.